ஈர மணலில் தெரிந்த பட்டை

எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் ஒளிப்படம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. ஈர மணலில் ஓர் உப்புக்கொத்தி நிற்கிறது. அதன் மார்பில் செம்மை படரத் தொடங்கியிருக்கிறது. பின்புலத்தில் மென்மையான நீலம் மட்டுமே தெரிகிறது. வீட்டிற்கு வந்தவர்கள் யாவரும் அப்படத்தைப் புகழ்ந்தே சென்றனர். ஒருவர் மட்டும் அருகில் சென்று, குனிந்து, பறவையை விட்டுவிட்டு அதன் காலடியில் உள்ள நீரை உற்றுப் பார்த்தார். அவர் கேட்ட கேள்வியைப் பின்னர்ச் சொல்கிறோம். முதலில் அப்படம் எடுக்கப்பட்ட கரையைப் பற்றியும், இத்தகைய பறவைகளைக் கிட்டத்தில் படமெடுக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து மாண்ட்வா வரை படகுப் பயணம். அங்கிருந்து சாலை வழியே அலிபாக். அதற்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் அக்ஷி. ராய்கட் மாவட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூர், மராத்தி மொழியின் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்றாகக் கருதப்படும் 1012ஆம் ஆண்டுக் கல்வெட்டால் வரலாற்றில் இடம்பெற்றது. பறவைகளைப் படமெடுப்போரிடையே அதன் பெயர் பரவியதற்குக் காரணம் வேறு. சவுக்கு மரங்களைக் கடந்து கரையில் இறங்கினால், கடல் வற்றிய வேளையில், தட்டையான ஈர மணல் நெடுந்தூரம் விரிந்து கிடக்கும். குளிர்காலத்தில் அங்கே உப்புக்கொத்திகளும், உள்ளான்களும், நீண்ட அலகுடைய மூக்கன்களும், கடற்காகங்களும் இரை தேடித் திரியும்.

சோழமண்டலக் கரையில் பழகியவர்களுக்கு இக்கரையில் இரண்டு செய்திகள் புதிதாக இருக்கும். முதலாவது வெளிச்சம். நம் கிழக்குக் கரையில் காலைக் கதிரவன் கடலிலிருந்து எழுந்து முகத்தில் அடிக்கும். கொங்கண் கரையிலோ அது நிலத்தின் பக்கம் எழுகிறது. கடலை நோக்கிப் படுத்திருப்பவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒளி வருவதால், எதிரே நிற்கும் பறவையின் கண்ணிலும் மார்பிலும் அது நேராக விழுகிறது. இரண்டாவது, கடல் ஏறி இறங்கும் அளவு. சென்னைக் கரையில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். மும்பை வட்டாரத்திலோ பெரிய ஓத நாள்களில் அது நான்கு மீட்டரை எட்டும். அலிபாக்கின் கொலாபா கோட்டை கடல் ஏறியிருக்கும்போது தீவாக இருக்கும். வற்றியபின் அதற்கு நடந்தே செல்லலாம்.

இந்த வேறுபாட்டை உணராமல் முதன்முறை சென்ற நாங்கள் பட்டது வெறும் ஏமாற்றம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் ஏறி முடிந்திருந்தது. மணற்பரப்பு முழுவதும் நீருக்கடியில் இருந்தது. பறவைகள் கரையோரத்தில் ஒடுங்கி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. அடுத்த முறை ஓத அட்டவணையைப் பார்த்துச் சென்றோம். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் காலை ஆறு, ஏழு மணியளவில் கடல் நன்றாக வற்றியிருக்கும். நண்பகலை ஒட்டி ஏறி முடியும். விடியற்காலை ஒளி, வெறுமையான மணல், பின்னர் மெல்ல ஏறிவரும் நீர் ஆகிய மூன்றும் அந்த நாள்களில்தான் ஒன்றாக அமைகின்றன. ஆகவே எங்கள் பயண நாளை விடுமுறைப் பட்டியல் முடிவு செய்வதில்லை. நிலவே முடிவு செய்கிறது.

கிளிஞ்சல் பொறுக்கிய பெண்மணி

நாளும் நேரமும் சரியாக அமைந்தும் அந்த இரண்டாம் பயணத்தில் உருப்படியான படம் ஒன்றும் கிடைக்கவில்லை. கூட்டத்தை நோக்கி நிமிர்ந்து நடந்தோம். ஐம்பது அடி தொலைவில் கூட்டம் எழுந்து பறந்து நூறு அடி அப்பால் இறங்கியது. மீண்டும் நடந்தோம், மீண்டும் பறந்தது. இப்படி ஐந்தாறு முறை நடந்தபின் களைத்து உட்கார்ந்தோம். அப்போதுதான் மணலைக் கிளறிக் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெண்மணி ஒருவரைக் கவனித்தோம். எங்களைக் கண்டு ஓடிய அதே உப்புக்கொத்திகள் அவருக்குப் பத்தடி தொலைவில் அச்சமின்றி மேய்ந்துகொண்டிருந்தன. அவர் குனிந்தே இருந்தார். ஒரே இடத்தில் நெடுநேரம் இருந்தார். பறவைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் முறை மாறியது. கடல் வற்றியிருக்கும்போதே ஈர மணலின் நடுவில் ஓரிடத்தைத் தேர்ந்து படுத்துவிடுவோம். பிறகு நகர்வதில்லை. நீர் ஏற ஏற, அதன் விளிம்பில் மேயும் பறவைகள் தாமாகவே எங்கள் பக்கம் வருகின்றன. சிறிது நகர வேண்டியிருந்தால் கூட்டத்தை நோக்கி நேராகச் செல்லாமல் சாய்வாக, வயிற்றால் ஊர்ந்து செல்வோம். பறவை இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை உயர்த்தினால் நாங்களும் நின்றுவிடுவோம். அது மீண்டும் அலகைத் தாழ்த்தினால்தான் அடுத்த அடி. கழுத்தை உயர்த்தி, சற்றுத் தள்ளி நடந்து, குரல் கொடுத்தால், பின்வாங்குவதே முறை.

இதில் மரியாதை மட்டுமன்றிக் கணக்கும் இருக்கிறது. கொசு உள்ளான் முப்பது கிராம்கூட எடையில்லாத பறவை. ஆர்க்டிக் வட்டாரத்துச் சமவெளிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு நம் கரைகளுக்கு வருகிறது. எங்கள் படத்தில் உள்ள உப்புக்கொத்தி, ஆங்கிலத்தில் 'லெஸ்ஸர் சேண்ட் ப்ளோவர்' என்று நெடுங்காலம் வழங்கப்பட்டது. அண்மையில் அதை இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டனர். மைனாவைவிடச் சற்றுச் சிறிய இப்பறவை மத்திய ஆசியாவின் உயர்ந்த மேட்டு நிலங்களிலும், நம் லடாக்கிலும் முட்டையிடுகிறது. குளிர்காலம் முழுவதும் தின்று, பயணத்திற்கு முன் உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. இரை கிடைப்பதோ கடல் வற்றியிருக்கும் சில மணி நேரத்தில்தான். ஒவ்வொரு முறை நாம் கூட்டத்தைக் கிளப்பும்போதும் அது சேமிப்பிலிருந்து செலவு செய்கிறது. வங்கி இதழின் வாசகர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. கடல் ஏறி முடிந்து பறவைகள் ஓய்வெடுக்கும் இடத்திற்கு நாங்கள் இப்போது செல்வதே இல்லை.

மணலில் படுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நின்றுகொண்டு எடுத்தால் பறவையின் முதுகும் அதன் காலடி மணலுமே படமாகும். கேமரா பறவையின் கண்மட்டத்திற்கு இறங்கினால், அதற்குப் பின்னால் தெரிவது தொலைவிலுள்ள நீர். அது குவியத்திற்கு அப்பால் இருப்பதால் கரைந்து ஒரே நிறமாகிவிடுகிறது. எங்கள் முன்னறைப் படத்தின் நீலம் அவ்வாறு வந்ததே. கேமராவைத் தாங்குவதற்கு நாங்கள் பயன்படுத்துவது ஓரம் உயர்ந்த ஒரு பழைய தாம்பாளமும், அதன்மேல் பயறு நிரப்பிய ஒரு துணிப்பையுமே. தாம்பாளம் ஈர மணலில் வழுக்கிச் செல்கிறது. மணலும் உப்புநீரும் லென்ஸை எட்டுவதில்லை.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக

பெரும் பறவை லென்ஸ்கள் பத்து இலட்சம் ரூபாய்க்கும் மேல் விற்கின்றன. அவற்றிற்காகக் கடன் கோரி எவரும் மேலாளரின் அறைக்குச் செல்ல வேண்டாம் என்பது எங்கள் தாழ்மையான கருத்து. 150 முதல் 600 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ்கள் அதில் ஒரு சிறு பங்கு விலையில் கிடைக்கின்றன; பெருநகரங்களில் நாள் வாடகைக்கும் கிடைக்கின்றன. பொறுமையாகப் படுத்திருப்பவருக்குப் பறவை எட்டு மீட்டர் தொலைவிற்கு வந்துவிடும். அதற்கு அதுவே மிகுதி. அத்தொலைவில் 600 மில்லிமீட்டரில், எஃப் 6.3 துளையில், தெளிவாக விழும் ஆழம் ஐந்தாறு சென்டிமீட்டர் மட்டுமே. எனவே குவியம் கண்ணில் விழ வேண்டும். இறகில் விழுந்தால் படம் வீண்.

பறவையின் உணவுப் பழக்கத்தை அறிந்தவருக்கு ஷட்டரை எப்போது அழுத்துவது என்பது எளிதாகப் பிடிபடும். உப்புக்கொத்தி பெரிய கண்களால் இரையைப் பார்த்துப் பிடிப்பது: ஓடும், சட்டென்று நிற்கும், கொத்தும். நிற்கும் அக்கணத்திற்குக் காத்திருந்தால் 1/800 நொடியே போதும். உள்ளான்களும் மூக்கன்களும் அலகின் நுனியிலுள்ள உணர்வால் சேற்றுக்குள் இரையை அறிகின்றன. ஓயாமல் அலகைக் குத்திக்கொண்டே நடக்கும். அவற்றிற்கு 1/2000 நொடியும் பல நேரம் போதாது. வெண்மையான வயிறு இளவெயிலில் வெளுத்துப்போகாதவாறு ஒளியளவைச் சற்றுக் குறைத்து எடுப்பது நல்லது. ஒன்பது மணிக்குமேல் மணல் சூடேறி, காற்று நெளியத் தொடங்கும். அந்த நெளிவில் எடுத்த படத்தை எந்த மென்பொருளாலும் கூர்மையாக்க முடியாது.

மேசையின் முன்

ஒரு காலையில் ஆயிரம் படங்கள் எடுத்து வருவோம். அவற்றுள் பதினைந்து நின்றால் மகிழ்ச்சி. படங்களை 'ரா' எனப்படும் மூலக் கோப்பாகவே எடுக்கிறோம். சாதாரண ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிநிலைகளையே வைத்துக்கொள்ளும். 14 பிட் மூலக் கோப்பில் அவை 16,384. வெளுத்ததுபோல் தோன்றும் வயிற்றிலிருந்து இறகு வரிகளை மீட்பதும், நிழலில் மூழ்கிய கண்ணை வெளிக்கொணர்வதும் இந்தக் கூடுதல் படிநிலைகளால்தான் இயல்கிறது.

திருத்த வேலையில் முதலில் வெட்டுதல். பறவை பார்க்கும் திசையில் கூடுதல் இடம் விட்டு வெட்டுகிறோம். மிகையாக வெட்டினால் என்னாகும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு: 24 மெகாபிக்சல் படத்தை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் எஞ்சுவது 6 மெகாபிக்சல். பன்னிரண்டுக்கு எட்டு அங்குலத் தாளில் தெளிவாக அச்சிட அது போதும். சுவரை நிறைக்கும் அளவுக்குப் போதாது. அடுத்து வெண்மையைச் சரிசெய்தல். காலை ஒளியின் பொன்மஞ்சளை முற்றிலும் அகற்றிவிட்டால் படம் மருத்துவமனை விளக்கில் எடுத்ததுபோல் ஆகிவிடும் என்பதால் பாதியை விட்டுவைக்கிறோம். பிறகு இரைச்சலைக் குறைப்பது, பின்புலத்தில் மட்டும். பறவையின் மேல் அதைக் கைவைத்தால் இறகு மெழுகாகிவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு கொண்டு கூர்மையாக்கும் கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன; அவற்றிடம் எச்சரிக்கை தேவை. தெளிவில்லாத இடத்தில் அவை இறகுக் கோடுகளைத் தாமே வரைந்துவிடுகின்றன. பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அப்படியோர் இறகு அப்பறவையிடம் இருந்ததில்லை.

முன்னறைப் படத்திற்கு நாங்கள் செய்த இரண்டு வேலைகளை ஒப்புக்கொள்ள வேண்டும். அது மார்ச் மாதத்தில் எடுத்த படம். குளிர்காலம் முழுதும் சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும் இந்த உப்புக்கொத்தி, புறப்படும் காலம் நெருங்கும்போது மார்பில் செம்மையும் முகத்தில் கருமையும் பெறுகிறது. எங்கள் பறவைக்கு அந்தச் செம்மை அப்போதுதான் அரும்பியிருந்தது. ஆரஞ்சு நிறத்தின் செறிவைக் கூட்டினோம். இரண்டு விநாடி வேலை. அந்த இரண்டு விநாடியில் பறவைக்கு ஒரு மாத வயது கூடிவிட்டது என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

மற்றொன்று, அதன் காலில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துணுக்கு. முழங்காலுக்குமேல் வெளிறிய நிறத்தில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. கரையெங்கும் நெகிழிக் குப்பை கிடக்கும் நாட்டில் அது என்னவாக இருக்கும் என்று நாங்கள் ஐயுறவே இல்லை. குப்பையை அகற்றும் கருவியால் அதைத் துடைத்தோம். கால் மெலிந்து, கருத்து, தூய்மையாகத் தெரிந்தது. படத்தை அச்சிட்டோம். கணினியில் இடம் போதவில்லை என்று அந்தப் பயணத்தின் மூலக் கோப்புகள் அனைத்தையும் அழித்தோம்.

முன்னறையில் குனிந்து பார்த்தவர் எங்கள் நண்பரின் மகள். பறவையியல் படிக்கும் மாணவி. "மாமா, காலில் ஒன்றும் இல்லை. ஆனால் தண்ணீரில் தெரிகிற காலில் ஏதோ இருக்கிறதே?" என்று கேட்டார்.

ஈர மணலில் விழுந்த பிம்பத்தைத் துடைக்க நாங்கள் மறந்திருந்தோம். ஏதோ நெகிழித் துணுக்கு என்றும், அதை நீக்கிய விதத்தையும் சற்றுப் பெருமையாகவே விளக்கினோம். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, "அது துணுக்கு இல்லை மாமா, பட்டை. மூலக் கோப்பு இருக்கிறதா?" என்றார்.

பட்டை சொல்வது

பறவைகளைப் பிடித்து, எண் பொறித்த உலோக வளையத்தைக் காலில் இட்டு விடுவிக்கும் பணியை நம் நாட்டில் 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நெடுங்காலமாகச் செய்து வருகிறது. 1960களில் சாலிம் அலியின் தலைமையில் அது பெரிய அளவில் நடந்தது. நம் கோடியக்கரையும் அதன் முக்கியக் களங்களுள் ஒன்று. உலோக வளையத்தில் ஒரு குறை உண்டு. எண் மிகச் சிறியது. அப்பறவையை மறுபடியும் பிடித்தால்தான் பெரும்பாலும் படிக்க இயலும். அதனால் கரைப்பறவைகளுக்கு நிறமுள்ள நெகிழிப் பட்டைகளையும் அணிவிக்கின்றனர். பட்டையின் நிறமும், அது எந்தக் காலில், முழங்காலுக்கு மேலா கீழா உள்ளது என்பதும் அது எங்கே அணிவிக்கப்பட்டது என்பதைக் காட்டும். அதில் பொறித்த எழுத்துகள் அது எந்தப் பறவை என்பதைச் சொல்லும். தொலைநோக்கியாலோ கேமராவாலோ, பறவையைத் தொடாமலே படித்துவிடலாம்.

இத்தகைய இரண்டு எழுத்துகளால் உலகறிந்த பறவை ஒன்று உண்டு. நியூசிலாந்தில் பட்டை அணிவிக்கப்பட்ட பட்டைவால் மூக்கன் ஒன்றின் குறி 'இ7'. அதன் உடலில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவியும் பொருத்தப்பட்டிருந்தது. 2007ஆம் ஆண்டில் அது அலாஸ்காவிலிருந்து பசிபிக் பெருங்கடலைக் கடந்து ஏறத்தாழ 11,600 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் எட்டு நாள்களில் பறந்து நியூசிலாந்தை அடைந்தது. எல்லாப் பறவைக்கும் அத்தகைய கருவியைப் பொருத்த இயலாது. அதற்கு விலையும் தடை, சிறு பறவைகளுக்கு எடையும் தடை. எஞ்சிய பறவைகளைப் பற்றிய செய்தி, எங்கோ ஒரு கரையில் படுத்திருக்கும் ஒருவர் பட்டையைப் படித்து எழுதி அனுப்பினால்தான் வந்து சேரும்.

எங்களிடம் மூலக் கோப்பு இல்லை. அழித்தவற்றை மீட்கும் மென்பொருள் ஒன்றை வாங்கி முயன்றோம். அந்த இடத்தில் வேறு படங்கள் எழுதப்பட்டிருந்தன. அச்சிட்ட படத்தின் கோப்பைப் பெரிதாக்கி நீரிலிருந்த பிம்பத்தைப் பார்த்தோம். மெல்லிய அலைநெளிவில் பட்டை நான்கு துண்டாக உடைந்திருந்தது. எழுத்து என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. நிறத்தை உறுதி செய்யலாமென்றால், மார்பின் ஆரஞ்சைக் கூட்டியபோது முழுப் படத்தின் நிறமும் சற்று நகர்ந்திருந்தது. "வெள்ளையா, வெளிர் மஞ்சளா?" என்று அவர் கேட்டார். எங்களால் சொல்ல முடியவில்லை. தம் குறிப்பேட்டில் இடத்தையும் நாளையும் எழுதி, நிறம் என்ற கட்டத்தில் ஒரு கேள்விக்குறி இட்டார். அப்பறவை எங்கே பிடிக்கப்பட்டது, எத்தனை ஆண்டுகள் முன், எத்தனை முறை மலைகளைக் கடந்து அக்ஷிக்கு வந்தது என்பவை அந்தக் கேள்விக்குறியோடு நின்றுவிட்டன.

இப்போது மூலக் கோப்புகளை இரண்டு வெளிவட்டுகளில் வைக்கிறோம். வைப்புநிதிப் பத்திரத்தைப்போல, ஒன்று வீட்டில், மற்றொன்று உறவினர் வீட்டில். திருத்தத் தொடங்குமுன் ஒவ்வொரு பறவையின் கால்களையும் முழு அளவில் பெரிதாக்கிப் பார்க்கிறோம். பறவையிடமிருந்து எதையும் துடைப்பதில்லை. பின்புலத்தில் உண்மையான நெகிழிப் பை கிடந்தாலும் அதை அப்படியே விட்டுவிடுவதா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. எங்களில் ஒருவர் அதுவும் அக்கரையின் உண்மையே என்கிறார். மற்றவர் அச்சிடும் படியில் மட்டும் அதை நீக்கலாம் என்கிறார்.

அடுத்த மார்ச் மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், மீண்டும் அக்ஷியில் படுத்திருந்தோம். ஏறத்தாழ அறுபது உப்புக்கொத்திகள். நீர் ஏற ஏறக் கூட்டம் எங்களை நெருங்கியது. கூட்டத்தின் ஓரத்தில் ஒற்றைக்காலில் நின்றிருந்த ஒன்று, காலை மாற்றும்போது ஒரு கணம் பட்டையைக் காட்டியது. உடனே அக்காலை வயிற்றிறகுக்குள் மடக்கிக்கொண்டது. நாற்பது நிமிடம் அப்படியே நின்றது. நீர் எங்கள் தாம்பாளத்தை நனைத்தது. முழங்கை மரத்துப்போனது. எழுந்து ஓரடி வைத்தால் அது காலை ஊன்றும் என்பது இருவருக்கும் தெரிந்தது. கூட்டம் முழுவதும் பறக்கும் என்பதும் தெரிந்தது. அசையாமல் கிடந்தோம்.

முடிவில் அலையொன்று வந்து அதன் காலை நனைத்தபோது அது இரண்டு அடி நடந்தது. பதினொரு படங்கள் எடுத்தோம். பட்டை வெள்ளை, வலது கால், முழங்காலுக்குமேல். அதிலிருந்த மூன்று எழுத்துகளுள் இரண்டைப் படிக்க முடிந்தது. மூன்றாவதன்மேல் சேறு. பதினொரு கோப்புகளையும், எந்தத் திருத்தமும் செய்யாமல், அன்று மாலையே அந்த மாணவிக்கு அனுப்பிவைத்தோம்.